தெரிந்தவர் ஒருவர்

சென்ற ஆண்டு கோடையில் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அசோக் நகரில் இது ஒரு செய்தியே அன்று. வீட்டுவசதி வாரியக் காலத்துச் சிறு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. முருங்கையும் செம்பருத்தியும் நின்ற முற்றங்களில் அடுக்ககங்கள் எழுகின்றன. சுண்ணாம்பும் செங்கற்பொடியும் வாரக்கணக்கில் காற்றில் மிதக்கும். மாடியில் துணி உலர்த்த இயலாது. இருமிக்கொண்டே வாழப் பழகிவிட்டோம். ஆனால் எதிர்வரிசையில் குடியிருந்த ஒரு குடும்பம் மட்டும், கடப்பாரை விழுவதற்கு முந்தின நாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு, தாம்பரத்துக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. ஏழு வயது மகனைக் கைப்பிடித்துத் தாய் ஆட்டோவில் ஏறியபோது, "இந்தத் தூசிக்குப் போய் ஊரை விட்டு ஓடுறாங்களே" என்று தெருவில் ஒருவர் சிரித்தார். சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்குடும்பம் எங்கள் பங்கைச் சேர்ந்தது. ஞாயிறுதோறும் கோவிலில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்போம். அச்சிறுவனுக்கு ஏதோ நோய் என்பது தெரியும். என்ன நோய் என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. இடிப்பு வேலை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபின் ஒரு மாலை, என் சிரிப்பு என்னை உறுத்தியதால், நானே சென்று கேட்டேன். அன்று தொடங்கிய பழக்கத்தில் நான் கற்றுக்கொண்டவற்றையே, அவர்கள் இசைவோடு, இங்கே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டா.

அந்நோய்க்கு மருத்துவர்கள் இட்டுள்ள பெயர் நாட்பட்ட கிரானுலோமா நோய். நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களில் ஒருவகை, உட்புகும் கிருமிகளை விழுங்கி, உயிர்வளியிலிருந்து ஒரு நஞ்சை ஆக்கி, அவற்றைக் கொல்லும். இந்நோயுள்ள குழந்தையின் அணுக்கள் கிருமியை விழுங்கிவிடும். கொல்ல மட்டும் இயலாது. அந்த நஞ்சை ஆக்கும் நொதி பிறவியிலேயே குறைபட்டிருக்கிறது. ஆகவே சளிக்காய்ச்சல் போன்ற வைரஸ் நோய்களை ஏனைய குழந்தைகளைப் போலவே தாங்கிக்கொள்ளும் அச்சிறுவனை, சில பாக்டீரியாக்களும், நமக்கு யாதொரு தீங்கும் செய்யாத பூஞ்சையும் வீழ்த்திவிடக்கூடும். மட்கிய இலைக்குவியல், ஈர வைக்கோல், உரக்குழி, இடிந்த சுவரின் புழுதி, தேங்கிய குளத்து நீர் ஆகியவையே அவனுக்குப் பகை. 1950களில் முதன்முதலாக இந்நோயை விவரித்த அமெரிக்க மருத்துவர்கள், குழந்தைப் பருவத்திலேயே உயிரைக் குடிக்கும் நோய் என்ற பொருளிலேயே அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று அவ்வாறில்லை. நாள்தோறும் இருவகை மருந்துகள், ஒன்று பாக்டீரியாவைத் தடுக்க, மற்றொன்று பூஞ்சையைத் தடுக்க; அவற்றோடு விழிப்பு. இவை இருந்தால் வளரலாம், படிக்கலாம், பிழைக்கலாம். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் முற்றாகக் குணமடையவும் கூடும்.

மேலைநாட்டுக் கணக்குப்படி ஏறத்தாழ இரண்டு லட்சம் பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்நோய் வரும். ஆண்டுக்கு ஒன்பது லட்சம் அளவில் குழந்தைகள் பிறக்கும் தமிழகத்துக்கு இக்கணக்கைப் பொருத்தினால் நான்கைந்து குழந்தைகள் என்றாகும். இதுபோன்ற பிறவித் தடுப்பாற்றல் குறைபாடுகள் இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன. தனித்தனியே ஒவ்வொன்றும் அரிது. கூட்டிப் பார்த்தால் அவ்வளவு அரிதன்று.

அச்சிறுவனின் கதை அவன் பிறந்த நாளிலேயே தொடங்கியது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இடப்படுவது போல அவனுக்கும் இடது புயத்தில் காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி. இடப்பட்டது. அதிலிருப்பது வலுவிழந்த, ஆயினும் உயிருள்ள கிருமி. நான்காம் மாதத்தில் அவனது இடது அக்குளில் நெறிகட்டி, பழுத்து, உடைந்தது. காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் வயதில் ஈரலில் சீழ்க்கட்டி, அறுவை. மூன்றாம் வயதில் நுரையீரல் அழற்சி. ஒவ்வொரு மருத்துவமனையிலும் புதிய கோப்பு, புதிய பெயர், பழைய கேள்விகள். நான்காம் வயதில்தான் ஓர் இளம் மருத்துவர், இத்துண்டுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்து, ஒரு குருதிச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நோயின் பெயர் தெரிந்தது. தாய் என்னிடம் சொன்னது: "பேர் தெரிஞ்ச அன்னைக்குத்தான் ஐயா நாங்க ரொம்பத் தனியாயிட்டோம்."

இந்தச் சொல்லை நான் பல நாள்கள் எண்ணிப் பார்த்தேன். பெயர் தெரிந்தால் அச்சம் குறையவேண்டும் அல்லவா? ஏன் தனிமை கூடியது?

ஒரு வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதென்று கொள்வோம். மாலைக்குள் தெருவே அறிவுரை சொல்லும். எந்த மருத்துவர் நல்லவர், எந்த ஆய்வகத்தில் கட்டணம் குறைவு, காலில் புண் வந்தால் எவ்வளவு விரைவில் காட்டவேண்டும், கேழ்வரகை எப்படிச் சமைக்கவேண்டும் என்பனவெல்லாம் யாரும் கேளாமலே வந்து சேரும். அவற்றுள் பாதி தவறாக இருக்கலாம். ஆயினும் பல்லாயிரம் பேர் பட்டறிந்து சேர்த்துவைத்த ஒரு பொதுச்சொத்து அது. மஞ்சள் காமாலைக்கும் மாரடைப்புக்கும் அத்தகைய சொத்து உண்டு. நோய்வாய்ப்பட்டவர் பிறந்த நாளிலிருந்தே அதற்கு வாரிசு. அரிய நோய் வந்தவருக்கோ அந்தச் சொத்தில் பங்கில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரியாது, மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாது, அவசரப் பிரிவில் அன்றிரவு பணியிலிருக்கும் மருத்துவர்கூட, பாடநூலில் ஒரு பத்தி படித்ததோடு சரி. ஆகவே தாயே அந்நோயின் ஒரே அறிஞர். தாயே ஒரே காவலர். எந்தத் தவறுக்கும் அவளே பொறுப்பு. தனிமை என்று அவர் சொன்னது இதைத்தான்.

இந்த இடத்தில்தான் அச்செவிலியர் வருகிறார்.

நகரின் ஒரு மருத்துவமனையில், மச்சை மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சிறுவனைச் சோதனைக்கு அழைத்துவந்த நாளில் பெற்றோரை உட்காரவைத்து, மருத்துவர் ஐந்து நிமிடங்களில் சொன்னதை ஒன்றரை மணி நேரத்தில் திரும்பச் சொன்னார். பிறகு தம் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் தொடக்கம். பூஞ்சைக்கான மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கலாகாது, உணவோடு கொடுத்தால்தான் உடலில் சேரும் என்பதையும், வயிற்றெரிச்சல் மருந்தை அதனோடு சேர்த்துக் கொடுத்தால் பயன் கெடும் என்பதையும் அவரே சொன்னார். அதற்கு முன் மூன்று மாதங்கள் அந்த மாத்திரை காலையில் வெறும் வயிற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. "காய்ச்சல் கொஞ்சமா இருந்தா கொஞ்சமான நோய்னு நினைக்காதீங்கம்மா" என்று சொன்னவரும் அவரே. மருத்துவமனை முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம் ஏற்பாடு செய்து கொடுத்தார்: நோயின் பெயர், எந்தச் சோதனைகளை உடனே செய்யவேண்டும், எதற்காகக் காத்திருக்கக் கூடாது, யாரை அழைக்கவேண்டும். கண்ணாடித்தாள் உறையிட்ட அக்கடிதத்தைத் தாய் தம் கைப்பையில், செபமாலையோடு சேர்த்து வைத்திருக்கிறார். நடுநிசியில் எந்த மருத்துவமனைக்கு ஓடினாலும், அவர் இனி அழுதுகொண்டு விளக்கவேண்டியதில்லை.

பள்ளிக்கும் சென்றாராம். இது தொற்றுநோய் அன்று என்று தலைமையாசிரியையிடம் விளக்கி, தோட்ட வேலை வகுப்பில் மட்டும் அவனை உட்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "பக்கத்துல ஏதாவது கட்டட வேலை நடக்குதா?" அந்தக் கேள்விதான் அக்குடும்பத்தைத் தாம்பரத்துக்கு அனுப்பியது. நாங்கள் சிரித்தது அந்தக் கேள்வியைப் பார்த்துத்தான்.

மற்றொன்றும் உண்டு; எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. தாயின் கன்னங்களில் வெயில்பட்டால் சிவந்து தடிக்கும், வாயில் அடிக்கடி புண், எப்போதும் அசதி. இவற்றை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகன் மருத்துவமனையில் கிடக்கும்போது தாயின் முகத்தில் உள்ள சிவப்பை யார் பார்ப்பார்கள்? செவிலியர் பார்த்தார். இந்நோய்க்கான மரபணுப் பிழையைச் சுமக்கும் பெண்கள் சிலருக்கு இத்தகைய தொல்லைகள் வருவதுண்டு என்று சொல்லி, தோல் மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். "நாலு வருஷத்துல என்னைப் பார்த்து உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டவங்க அவங்க ஒருத்தங்கதான்" என்றார் அத்தாய்.

இனி, இக்கட்டுரையின் வினாவுக்கு வருகிறேன். இப்படித் தெரிந்தவர் ஒருவரின் துணை என்பது, நோயுற்ற குடும்பத்துக்கு நாம் இரக்கத்தால் கூடுதலாக இடுவதா? அல்லது அவர்களுக்கு உரிய பங்கா?

இங்கிலாந்தில் இக்கேள்விக்கு நோயாளிகளின் குடும்பங்களே ஒருவகையில் விடை தந்திருக்கின்றன. இந்நோய்க்கென்று அங்கு 1990களின் தொடக்கத்தில் உருவான அறக்கட்டளை, ஆய்வுக்கு நிதி திரட்டியதோடு நில்லாமல், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இந்நோய்க்கென்றே சிறப்புச் செவிலியர் பணிக்கும் நிதியளித்தது. மருந்து கண்டுபிடிப்பதற்குத் திரட்டிய பணத்தில் ஒரு பங்கைப் பேசுவதற்கும் கேட்பதற்கும் வீட்டுக்கு வருவதற்கும் ஓர் ஆள் வேண்டும் என்று செலவிட்டார்களே, அது பட்டவர்களின் தெளிவு.

நம் நாட்டிலும் ஏதும் நடக்கவில்லை என்று சொல்வது நன்றியன்று. சண்டிகரிலும் மும்பையிலும் இக்குறைபாடுகளைக் கண்டறியும் மையங்கள் வளர்ந்துள்ளன. 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நாட்டின் முதல் மச்சை மாற்றுச் சிகிச்சை நடந்தது. 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இன்று சென்னையில் குழந்தைகளுக்கு இது நாளும் நடக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை இந்நோயைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, ஒருமுறைச் சிகிச்சையால் குணமாகக் கூடியவற்றுள் சேர்த்தது. 2022இல் உதவித்தொகையின் வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. இவையெல்லாம் பெரியவை. ஆயினும் இத்திட்டங்கள் அறுவைக்கும் மருந்துக்கும் படுக்கைக்கும் பணம் கணக்கிடுகின்றன. "மாத்திரையை எப்போது கொடுக்கிறீர்கள்?" என்று கேட்பவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அரசு மருத்துவமனையின் பொது வார்டுக்குச் சென்று பாருங்கள். இரவுப் பணியில் ஒரு செவிலியர். அவர் பார்வையில் எத்தனை கட்டில்கள், கட்டில்களுக்கு இடையே தரையில் எத்தனை பாய்கள்! 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர் திரண்டு போராடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். தேர்வெழுதி முறையாகப் பணியில் சேர்ந்த அவர்கள் அப்போது பெற்ற மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அத்தகைய நாட்டில், ஏழெட்டுக் குடும்பங்களுக்கென்று ஒரு சிறப்புச் செவிலியரைக் கேட்பது நியாயமா? அந்த ஒருவரைப் பொது வார்டுக்கு அனுப்பினால் இன்னும் எத்தனை உயிர்கள் கவனம் பெறும்!

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையைச் சொல்லி இவ்வாதத்தை வாயடைத்துவிடலாம். நம்மில் பலர் அவ்வாறு செய்வோம். ஆனால் வார்டில் தரையில் கிடப்பவர்கள் கொழுத்துப் பாதுகாப்பாய் நிற்கும் தொண்ணூற்றொன்பது அல்லரே! அவர்களும் காணாமற்போனவர்களே. உவமையை இங்கே பொருத்துவது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

எனக்கு வேறொரு வழியில் விடை தெரிகிறது. அவ்வழி கிண்டி வழியாகச் செல்கிறது. எங்கள் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கிண்டியில், 1948இல் தொடங்கப்பட்டது பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம். இந்நாட்டின் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு இட்ட ஊசிமருந்து அங்கிருந்து சென்றது. அவ்வூசியால் எத்தனை குழந்தைகள் மூளைக் காசநோயிலிருந்து தப்பினர் என்பதை நினைத்தால் அவ்வாய்வகத்தைக் கைகூப்பத் தோன்றும். பிறந்த உடனே எல்லாருக்கும் இடுவது என்ற முடிவு சரியான முடிவே. ஆனால் அம்முடிவுக்குள் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. நோய் இன்னும் கண்டறியப்படாத, கண்டறிய இயலாத அந்தச் சில பச்சிளங்குழந்தைகளின் உடலில் அதே ஊசி பகையாகிவிடுகிறது. எல்லாருடைய நன்மைக்காகவும் நாம் செய்துகொண்ட ஏற்பாட்டின் தீங்கை அவர்கள் மட்டுமே தாங்குகிறார்கள்; யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இரக்கம் என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. கடன் என்பதே பொருத்தமான சொல். அந்தச் சிறுவனின் அக்குளில் உள்ள தழும்பு, என் பேரக்குழந்தைகளின் நலத்துக்காக அவன் கொடுத்த விலையின் ஒரு பகுதி. அவனுக்குத் தெரிந்தவர் ஒருவரைக் கொடுப்பது அக்கடனில் ஒரு சிறு தவணை.

இன்னொன்று, முன்பே சொன்னதன் தொடர்ச்சி. பொது வார்டில் கிடப்பவருக்குச் செவிலியரின் கவனம் குறைவு, அது உண்மை. ஆனால் அவரது நோயைப் பற்றிய அறிவு அவரைச் சுற்றி ஊரெங்கும் பரவிக் கிடக்கிறது. அரிய நோயாளிக்கு அதுவும் இல்லை. மற்றவர்களுக்கு ஊர் இலவசமாகக் கொடுப்பதை இவர்களுக்கு ஒரே ஒருவர் கொடுக்கிறார். சலுகை என்று எனக்குத் தோன்றவில்லை.

இது நமக்குப் புதிய எண்ணமும் அன்று. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சையளித்து ஒப்பிட்டது. வீட்டிலிருந்தவர்களிடம் சுகாதாரப் பார்வையாளர்கள் சென்று, மாத்திரைகளை எண்ணி, குடும்பத்தாரோடு பேசி, மருந்து விடாமல் பார்த்துக்கொண்டனர். நெருக்கமான குடிசைகளில், போதிய உணவின்றி இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர். 1959இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. மருந்தின் வெற்றி என்று அதை எழுதுகிறார்கள். கதவைத் தட்டிய பெண்களின் கால்களுக்கும் அதில் பங்குண்டு. (அவர்களுக்கும் முன்னே செல்வதானால், எங்கள் பகுதிக்குப் பெயர் தந்த பேரரசனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைப் பற்றிப் பேசுகையில், எல்லைக்கு அப்பாலிருந்த சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடுகிறது. நூறடிச் சாலையில் சிங்கத்தூணைக் கடந்து செல்லும் எத்தனை பேருக்கு இது நினைவில் வருமோ!)

துணையில்லாத மருத்துவம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவன், இதைவிடக் கடுமையான தடுப்பாற்றல் குறைபாட்டோடு பிறந்தான். பிறந்த கணத்திலிருந்தே கிருமியற்ற நெகிழிக் கூண்டுக்குள் வைக்கப்பட்டான். கத்தோலிக்கக் குடும்பம், அவனுக்குத் திருமுழுக்குக் கொடுத்த நீரையும் கிருமிநீக்கம் செய்தே உள்ளே அனுப்பினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அவன் தாய் கையுறை வழியாகவே அவனைத் தொட்டார். 1983இல் தமக்கையின் மச்சை செலுத்தப்பட்டது. அதில் மறைந்திருந்த ஒரு வைரஸால் நோயுற்று 1984 பிப்ரவரியில் இறந்தான். கூண்டைவிட்டு வெளியே வந்த அவனது கடைசி நாள்களில்தான் தாய் முதன்முறையாக மகனை வெறுங்கையால் தொட்டு முத்தமிட்டார். அவனைக் காத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவன்மீது அன்பு கொண்டவர்களே. ஆயினும் அக்கூண்டுக்குள் ஒரு குழந்தையை வைக்கலாமா என்ற கேள்வியை, வைத்தபின்னரே எல்லாரும் கேட்டார்கள்.

இனி, செவிலியரின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். நான் மேலே எழுதியவை அனைத்தும் அவர் தம் பணிநேரத்துக்கு வெளியே செய்தவை. அவருக்கும் இரு குழந்தைகள். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்த நாள்களும் உண்டு, எடுத்தார். அவர் கணவர் முணுமுணுத்திருப்பார். முணுமுணுத்தால் தவறென்று சொல்ல நான் யார்? நம் சமூகத்தில் செவிலியரையும் கன்னியரையும் "சிஸ்டர்" என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். அது அழகுதான். ஆனால் அச்சொல்லுக்குள் நாம் ஒரு தந்திரத்தையும் வைத்திருக்கிறோமோ என்று ஐயுறுகிறேன். சகோதரி என்றால் கூலி கேட்க மாட்டாள். உறக்கம் கேட்க மாட்டாள். ஒரு பெண்ணின் நல்ல மனத்தைக் கொண்டு ஒரு பணியிடத்தின் வெற்றிடத்தை அடைத்துவிடுகிறோம்; அடைபட்டிருப்பதால் அங்கே வெற்றிடம் இருப்பதே யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவர் நாளை ஊர் மாறினால், அல்லது நம் செவிலியர் பலரைப் போல வெளிநாடு சென்றால், ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே நாளில் மீண்டும் தனியாகும். ஆகவே நான் கேட்பது அவரைப் போன்ற நல்லவர்களை அன்று. அவர் செய்யும் பணிக்கு ஒரு பெயரும் ஊதியமும் ஓய்வும், அவர் இல்லாத நாளில் எடுக்க மற்றொரு கையும்.

ஒரு செய்தியை எழுதலாமா என்று தயங்கினேன். தாயே எழுதச் சொன்னார்.

இச்சிறுவனுக்கு வந்திருப்பது தாய்வழியாக ஆண்குழந்தைகளைத் தாக்கும் வகை. தாய் நோயுற்றவர் அல்லர், பிழையைச் சுமப்பவர். மருத்துவமனைத் தாள்களில் இதற்குக் 'கடத்தி' என்று எழுதுகிறார்கள். என்ன சொல் இது! ஏதோ பொன் கடத்தியவரைக் குறிப்பது போல. 'சுமப்பவர்' என்றாவது எழுதலாகாதா? கணவர் வீட்டார் அந்தச் சொல்லைக் கேட்டு அப்படியே பொருள்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இத்தாய்க்கு ஒரு தங்கை. தமக்கை சுமப்பவரானால் தங்கையும் சுமப்பவராக இருக்க வாய்ப்புண்டு. அப்போது தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவிலியர், தங்கைக்கும் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது என்றார். தாய் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாராம்: "கல்யாணம் நின்னுடும் சிஸ்டர். தயவு செஞ்சு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

செவிலியர் என்ன செய்யவேண்டும்? சொன்னால், நம்பிக்கையோடு அளிக்கப்பட்ட இரகசியத்தை உடைத்தவர் ஆவார். அத்தாய்க்கிருந்த ஒரே துணையும் போகும். சொல்லாவிட்டால், இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் புயத்தில் நாளை அதே ஊசி ஏறலாம். நான் அறநூல்கள் சில படித்தவன். எந்தப் பக்கமும் நின்று வாதாட என்னால் முடியும். அவ்வாதத்தின் பாரத்தை இரவில் சுமந்துகொண்டு தூங்கவேண்டியவன் நான் அல்லன் என்பதால் வாதம் எளிதாக வருகிறது.

அவர் சொன்னது இது: "நான் சொல்லமாட்டேம்மா. ஆனா நீங்க சொல்ற அன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க. பக்கத்துல உட்கார்றேன்."

திருமணம் நடந்தது. அதன்பின் ஒவ்வொரு மாதப் பேச்சிலும், கட்டட வேலையைப் பற்றிக் கேட்டது போலவே, தங்கை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்பாராம். வேறொன்றும் கேட்டதில்லை. ஓராண்டு சென்றது. தங்கை கருவுற்ற செய்தி வந்த வாரம், தாய் தாமாகவே அழைத்தார். இருவரும் அசோக் நகர் மெட்ரோ நிலையத்தில் சந்தித்து, ஒன்றாகத் தங்கை வீட்டுக்குச் சென்றனர். தங்கை முதலில் தமக்கையை ஓர் அறை அறைந்தாராம். பிறகு கட்டிக்கொண்டு அழுதாராம். செவிலியர் பேசியது மிகக் குறைவு. பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார்: குழந்தை பிறந்ததும் இன்ன சோதனை, முடிவு வரும்வரை பி.சி.ஜி. இடவேண்டாம். பிறக்காத குழந்தைக்குக் கண்ணாடித்தாள் உறையிட்ட கடிதம் ஆயத்தமாயிற்று.

ஓராண்டு மௌனம் சரியா என்று நான் இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. அந்த ஓராண்டில் தீங்கு நேர்ந்திருக்கலாம், நேரவில்லை. நேராததனால் அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் அவர் மௌனமாக இருந்தபோதும் விலகி நிற்கவில்லை என்பதை மட்டும் கவனிக்கிறேன். உண்மையைச் சொல்லும் கடமையை அவர் தாயிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. அக்கடமையைத் தாயால் தூக்க இயலும் நாள்வரை உடன் நின்றார்.

கடந்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் பங்கில் வழக்கம்போல வைக்கோல் வேய்ந்த பெரிய குடில் அமைத்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் அதைச் சுற்றி மண்டியிட்டார்கள். அச்சிறுவன் மட்டும் நடுவரிசையிலிருந்தே எட்டிப் பார்த்தான். வைக்கோலில் அவனது பூஞ்சை இருக்கிறது. வாசலுக்கு அப்பால் வரக்கூடாது என்பது அவனுக்கே தெரியும். பங்குத்தந்தையிடம் சொல்லி வரும் ஆண்டிலாவது மாற்றவேண்டும் என்று எண்ணியிருக்கிறேன்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். செவிலியர் தம் இரு பிள்ளைகளோடு வந்திருந்தார். கூடத்தில் அட்டைப்பெட்டியில் ஒரு சிறு குடில். மஞ்சள் காகிதத்தை மெல்லிய கீற்றுகளாக வெட்டி வைக்கோலாகப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். என் கையிலும் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். வெட்டிக்கொண்டிருக்கையில் சிறுவன் என் பக்கம் சாய்ந்து கேட்டான்:

"தாத்தா, இதை அந்த மாடு தின்னுமா?"

நாங்கள் இன்னும் வெட்டவேண்டியது நிறைய இருந்தது.